முதுகுக்கு விடுமுறை

மதுரை, காஜிமார் தெரு
20 செப்டம்பர் 1938

அன்புள்ள அண்ணனுக்கு லத்தீபா சலாம் சொல்லி எழுதுவது.

வீட்டில் எல்லோரும் சுகம். என்னைச் சேர்க்க மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். என்னைச் சேர்க்காமல்தான் இந்த வீட்டில் சுகம் என்ற வார்த்தையை எழுத முடியும்.

கொழும்பிலிருந்து நீங்கள் அனுப்பிய மீனெண்ணெய் டின் வந்தது. கூடவே புத்திமதியும் வந்தது. இரண்டில் எது அதிகமாகக் குமட்டியது என்று சொல்வது கஷ்டம். "ஒரு வேளைகூடத் தவறக்கூடாது" என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறீர்கள். எது எதைத் தவறாமல் செய்கிறேன் என்பது உங்களுக்கு மறந்திருக்கும். அதனால் ஞாபகப்படுத்துகிறேன்.

விடியற்காலை சுபுஹு பாங்குக்கு முன்னால் மதினி என்னை எழுப்புவாள். கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்துவாள். நான் குப்புறப் படுத்துத் தலையைக் கீழே தொங்கப் போட வேண்டும். சளி கிளம்பும்வரை அவள் கையைக் குவித்து என் முதுகில் தட்டிக்கொண்டே இருப்பாள். துப்பின படிக்கத்தைக் கழுவிய பிறகு, தார் வாடை அடிக்கும் மருந்தை வெந்நீரில் ஊற்றிப் போர்வைக்குள் ஆவி பிடிக்க வேண்டும். அப்புறம் மீனெண்ணெய். அப்புறம் வயிறு கொள்ளாத சாப்பாடு, எதுவும் உடம்பில் ஒட்டாது என்று தெரிந்தும். களைத்துப் படுத்து எழுந்தால் சாயங்காலத்துக்குச் செங்கல் தயாராக இருக்கும். உங்களுக்கு ஜவுளிக் கடை, எனக்கு இந்த மார்புதான் கடை. உங்கள் கடையையாவது வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குச் சாத்துகிறார்கள்.

டாக்டரம்மா குழாய் வைத்துக் கேட்டுவிட்டு "டி.பி. இல்லை, சந்தோஷப்படு" என்கிறார். என்ன நோய் என்று கேட்டால் மூச்சுக்குழாயில் சீழ் என்கிறார். ஏன் வந்தது என்றால் அடுத்த மருந்துச் சீட்டை எழுதுகிறார். சாம்பிராணியும் அத்தரும் விற்கிற வீட்டில் இப்படி ஒரு நுரையீரல். அம்மா இருந்தபோது என் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, "எம்புட்டு உப்புடி நீ" என்பாள். அந்த அளவுக்குக்கூட யாரும் இந்த நோயைக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை.

அண்ணே, எனக்கு இருமல் அலுக்கவில்லை, வைத்தியம் அலுத்துவிட்டது. சில காலைகளில் கண் விழித்ததுமே ஏன் விழித்தோம் என்றிருக்கிறது. உங்களிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று தெரியும். வேறு ஆள் இல்லாததால் சொல்கிறேன்.

மதினியை எப்போது கொழும்புக்கு அழைத்துக்கொள்ளப் போகிறீர்கள்? கல்யாணமாகி அவள் உங்களைப் பார்த்ததைவிட என் முதுகைப் பார்த்ததுதான் அதிகம்.

லத்தீபா

கொழும்பு
28 செப்டம்பர் 1938

அன்புத் தங்கை லத்தீபாவுக்கு அப்துல் அலீம் எழுதுவது. அல்லாஹ் உனக்குப் பூரண சுகத்தையும் கொஞ்சம் பொறுமையையும் தருவானாக.

உன் கடிதத்தைப் படித்து வெட்கப்பட்டேன். படுத்துக் கிடக்கிற உனக்கு அலுப்பாம்! தட்டுகிறவள் அலுத்துக்கொள்ளவில்லை. சாதிகா எனக்கு எழுதிய எந்தக் கடிதத்திலாவது ஒரு முணுமுணுப்பு உண்டா? நம் தெருவில் மருந்துக்கு வழியில்லாமல் இருமியே செத்தவர்களை நீ பார்த்ததில்லையா? உனக்குச் சீமை டின் வருகிறது, டாக்டர் வருகிறார், முதுகு தட்ட ஆள் இருக்கிறது. ராணிக்குக்கூட இந்த உபசாரம் கிடையாது. ஏன் விழித்தோம் என்றெல்லாம் தோன்றுவது வேலை இல்லாதவர்களுக்கு வரும் வியாதி. அதற்கு டாக்டர் தேவையில்லை.

எண்ணெயை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடி. ஆவி பிடிக்கும்போது போர்வையில் சந்து விடாதே. டாக்டரம்மா சொன்னது சொன்னபடி நடக்க வேண்டும்.

சாதிகா இங்கே வருவதற்கு வீட்டு வசதி இல்லை. அவள் வந்துவிட்டால் உன் முதுகுக்கு யார்? ஒன்று எழுதுவதற்கு முன் யோசித்து எழுது.

அப்துல் அலீம்

மதுரை
17 அக்டோபர் 1938

அன்பும் அறிவும் மிகுந்த அண்ணன் அவர்களுக்கு,

தாங்கள் எழுதியது முற்றும் சரி. எனக்குப் பொறுமை போதவில்லை. ஆகவே வருகிற ரமலானில் எல்லா நோன்பும் வைப்பதென்று நிய்யத்து செய்திருக்கிறேன்.

பள்ளிவாசல் ஹஜ்ரத் நம் வீட்டுக்கு வந்து, நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்று அத்தாவிடம் எடுத்துச் சொன்னார். நான் திரைக்குப் பின்னால் இருந்து, "வைக்கணும்னு ஆசையா இருக்கு ஹஜ்ரத்" என்றேன். அத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கடையில் வந்தவர் போனவரிடமெல்லாம், "இந்த நைனா முகமதுக்கு மகன்னு ஒருத்தன் இருக்கான், ஆனா மகதான் மக" என்று சொல்கிறாராம். டாக்டரம்மாவிடம் கேட்கவில்லை. அவர் கிறிஸ்தவர், இதெல்லாம் அவருக்கு விளங்காது என்று அத்தாவே சொல்லிவிட்டார்.

மதினி மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

தங்கள் துஆவை வேண்டும்
லத்தீபா

கொழும்பு
28 அக்டோபர் 1938

என் அருமைத் தங்கைக்கு,

அல்ஹம்துலில்லாஹ்! உன் கடிதத்தைக் கடையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். எங்கள் முதலாளி ஜலீல் பாய் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாப்ள, இப்புடி ஒரு புள்ள வீட்டுல இருக்கையில ஒனக்கு என்ன கொறை?" என்றார். கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டார். எல்லா மருந்துக்கும் மேலான மருந்தை நீயே தேடிக்கொண்டாய். போன கடிதத்தில் கடுமையாக எழுதியதை மறந்துவிடு.

நோன்பு திறக்க நல்ல பேரீச்சம்பழம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஜலீல் பாய் தன் வீட்டாரைக் கொழும்புக்கு அழைத்து வருவதற்காகப் பெருநாள் சமயம் மதுரை வருகிறார். உன்னைப் பார்த்து துஆ செய்யச் சொல்ல வேண்டும் என்கிறார். மரியாதையாகப் பேசு.

பெருமையுடன்
அப்துல் அலீம்

மதுரை
6 நவம்பர் 1938

அண்ணே,

பழம் கிடைத்தது. நல்ல பழம். இத்தனை நல்ல பழத்தை இத்தனை மடத்தனத்தோடு சேர்த்துக் கட்டி அனுப்ப உங்களால்தான் முடியும்.

ஒரு வேளைகூடத் தவறக்கூடாது என்று அடிக்கோடு போட்டவர் நீங்கள்தானே? நோன்பு வைத்தால் பகலில் மீனெண்ணெய் எப்படி இறங்கும், ஆவி எப்படிப் பிடிக்க முடியும் என்று உங்கள் கடையில் ஒருத்தருக்காவது தோன்றவில்லையா? கண்ணைத் துடைக்கத்தான் துண்டு இருக்கிறது, யோசிக்க ஒன்றும் இல்லை போலிருக்கிறது. முதுகில் தட்டினால் நோன்பு முறியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் கிளம்பின சளி தொண்டைக்குள் திரும்பிப் போனால் முறிந்துவிடும் என்று நானே ஒரு சட்டம் போட்டு மதினியிடம் சொன்னேன். ராத்திரியாவது செய்யலாமே என்றாள். இரவுத் தொழுகை தராவீஹ் முடியட்டும் என்றேன். முடிந்ததும், விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்ததும் என்றேன். சஹரில் சோற்றுக்கே நேரம் போதாது.

நான் நோன்பா வைத்தேன்? லீவு எடுத்தேன் அண்ணே. பிறந்ததிலிருந்து இதுதான் என் முதல் லீவு.

என்ன செய்தேன் தெரியுமா? மொட்டைமாடிக்கு ஏறிப்போய் வெயிலில் தலை காயவைத்தேன். மில் சங்கு ஊதும்போது யார் யாரோ வேலைக்கு ஓடுவதை நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். எப்போதோ பாதியில் விட்ட தொப்பியைத் தைத்து முடித்தேன். காலையில் கண் விழித்தால் யாரும் செங்கல்லைத் தூக்குவதில்லை. ஏன் விழித்தோம் என்று இப்போது தோன்றுவதே இல்லை.

தெருக் கூத்து தனி. என்னை ஒரு மகானாக, அவுலியாவாக ஆக்கிவிட்டார்கள். எதிர்வீட்டு மைதீன் பீவி மாமி, பிரசவத்துக்கு வந்திருக்கும் மகளைக் கூட்டிவந்து, செம்புத் தண்ணீரை நீட்டி, "நோம்பாளி வாயால ஓதி ஊதிக் குடும்மா" என்றாள். இந்த ஊரில் ஊதுவதற்கு அவளுக்குக் கிடைத்தது என் நுரையீரல்தான். ஊதினேன். இருமல் வந்து பாதித் தண்ணீர் சிந்திவிட்டது. அதையும் பரக்கத்து என்று சொல்லித் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மகள் அதைக் குடிக்கக்கூடாது என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

மதினி விடிந்த பிறகும் தூங்குகிறாள். வாயைத் திறந்துகொண்டு, கையைத் தலைக்கு முட்டுக்கொடுத்து, சின்னப் பிள்ளைபோல. இத்தனை நாளில் அவள் தூங்கி நான் பார்த்ததே கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பிழைப்புக்காகக் கொழும்பு போகவில்லை. அத்தாவின் கடையே உங்களுக்குப் போதும். அம்மா மௌத்தான பிறகு என் முதுகைத் தட்டியது நீங்கள். கல்யாணம் ஆகி வீட்டுக்கு இரண்டு கை வந்ததும், அதை என் முதுகில் வைத்துவிட்டுக் கப்பலேறினீர்கள். நான் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. முதுகை இங்கே விட்டுவிட்டு ஓட முடிந்திருந்தால் நானும் ஓடியிருப்பேன். ஓடின இடத்திலிருந்து பொறுமையைப் பற்றி எழுதுகிறீர்களே, அதைத்தான் சகிக்க முடியவில்லை.

சாயங்காலம் கொஞ்சம் காய்ச்சல் வருகிறது. அத்தாவிடம் சொல்லவில்லை.

லத்தீபா

கொழும்பு
11 நவம்பர் 1938

லத்தீபாவுக்கு,

அத்தாவுக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதம் வருவதற்குள் உன் நாடகம் முடிந்திருக்கும்.

நோயாளிக்கு அல்லாஹ் கொடுத்த சலுகையை உதறித் தள்ளிவிட்டு, அவன் கொடுக்காத லீவை அவன் பெயரைச் சொல்லியே எடுத்திருக்கிறாய். சாம்பிராணியில் கலப்படம் செய்தவனை அத்தா கடை வாசலில்கூட ஏற்ற மாட்டார். அவர் மகள் வணக்கத்திலேயே கலப்படம் செய்திருக்கிறாள். உன் கடிதத்தை ஜலீல் பாய் தொழுகை விரிப்புக்குள் மடித்து வைத்திருக்கிறார். அந்த நல்ல மனிதரிடம் நான் என்ன சொல்வேன்?

உன் முதுகுக்குப் பயந்து ஓடினேனாம். இங்கே விடியற்காலையில் கூலியாட்கள் சரக்கு வந்த கோணிகளைத் தட்டித் தூசி போக்குவார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அது தூசிக்காக. சில நாள் காதில் பஞ்சும் வைத்துக்கொள்வேன், அதுவும் தூசிக்காகத்தான். உனக்கு உலகத்தில் எல்லாமே உன் முதுகு. மற்றவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

காய்ச்சல் எம்புட்டு இருக்கு, உடனே எழுது.

அலீம்

மதுரை, ஆஸ்பத்திரி
30 நவம்பர் 1938

அண்ணே,

கையெழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். படுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தந்தியைப் படித்துவிட்டு அத்தா நோன்பை விடச் சொன்னார். நான் கேட்கவில்லை. தந்திக்கு அடங்குகிற ஆளாக இருந்தால் உங்கள் கடிதங்களுக்கே அடங்கியிருப்பேன். பெருநாளுக்குக் கொஞ்ச நாள் முன்னால், நோன்பு திறக்கும் நேரத்தில், கஞ்சிக் கோப்பை கையில் இருக்கும்போதே சரிந்துவிட்டேன். குதிரை வண்டியில் போட்டு இங்கே கொண்டுவந்தார்கள். எல்லோரும் புதுத்துணி உடுத்தி ஈத்காவுக்குப் பெருநாள் தொழப் போனபோது நான் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

"நோம்போட விழுந்த புள்ள, நேரா சொர்க்கந்தான்" என்று மைதீன் பீவி மாமி தெருவெல்லாம் சொல்லி அழுதாளாம். நான் பிழைத்துக்கொண்டதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அவள் மகளுக்குச் சுகப்பிரசவம் ஆகிவிட்டது. அது என் ஊதலால் என்று சொல்கிறார்களாம். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

உங்கள் ஜலீல் பாயும் வந்தார். அப்போது ஆயா முனியாயி என் முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று என்னையும் படிக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பழப்பையை ஜன்னலில் வைத்துவிட்டு, துஆ எதுவும் கேட்காமல் போய்விட்டார். அவுலியாவுக்குச் சளி இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

மதினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு ரெண்டாம் நாளே தெரியும் லத்தீபா. நீ போட்ட சட்டம் எந்த கிதாபுலயும் இல்லன்னு தெரியும். நா அம்புட்டு அசந்து போயிருந்தேன். இன்னும் ஒரு நாள் தூங்கிக்கிறேன், நாளைக்குக் கேப்போம்னு தெனமும் வாய மூடிக்கிட்டேன்." பிறகு என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு நாளும் முணுமுணுக்காதவள் என்று நீங்கள் சர்ட்டிபிகேட் கொடுத்தீர்களே, அவளுக்கு முணுமுணுக்கக்கூடத் தெம்பு இருந்ததில்லை.

டாக்டரம்மா வந்து, "ஏன் நிறுத்தினே? மருந்து கசக்குதா?" என்றார். "மருந்து கசக்கல டாக்டரம்மா, நாளு கசக்குது" என்றேன். முதல் தடவையாகக் குழாயைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். இவ்வளவு செய்கிறோமே, இதில் எது என்னை உயிரோடு வைத்திருக்கிறது என்று கேட்டேன். தலையைத் தொங்கப் போட்டுச் சளியை எடுப்பதுதான் முக்கியம் என்றார். எண்ணெய் நல்லது என்றார். ஆவி? கொஞ்சம் தயங்கிவிட்டு, "அது மனசுக்கு ஒரு ஆறுதல்" என்றார்.

யார் மனசுக்கு அண்ணே? இத்தனை வருஷம் தார் வாடையில் போர்வைக்குள் வெந்தேனே, அது யாருக்கு ஆறுதல்? சந்து விடாதே என்று எழுதினவருக்கா? சிரித்தேன். சிரித்ததில் இரத்தம் வந்துவிட்டது, அதற்கும் திட்டு வாங்கினேன்.

மார்பில் இடதுபக்கம் கெட்டுப்போன இடம் இனித் திரும்பாதாம். என் லீவுக்கு விலையாக அது போய்விட்டது. வருத்தமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மதினியை அழைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் தடவை கேட்கிறேன்.

லத்தீபா

கொழும்பு
7 டிசம்பர் 1938

அன்புத் தங்கைக்கு,

அல்லாஹ் காப்பாற்றினான். இனிமேல் விளையாட்டு வேண்டாம். நடந்ததைப் பேசிப் பயனில்லை.

இனி மூன்று வேளையும் தட்ட வேண்டும் என்று சாதிகாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். ஆவியை நிறுத்தாதே. டாக்டரம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்ளாதே. மருந்தை மூக்குக்குள் ஊதுகிற புது மாதிரிக் கருவி ஒன்று இங்கே வந்திருக்கிறது. விசாரித்து அனுப்புகிறேன். அதையும் சேர்த்துச் செய்தால் நல்லது.

சாதிகா வருவதை அடுத்த ரமலானுக்குப் பிறகு பார்க்கலாம். நோன்பில் அவள் கடமை தவறித் தூங்கியதைப் பற்றி நான் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று சொல்.

அப்துல் அலீம்

மதுரை
20 டிசம்பர் 1938

அண்ணனுக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. கொண்டுவந்தவள் உங்கள் மனைவி. ஜலீல் பாய் வீட்டாரோடு அவளையும் போட் மெயில் ரயிலில் ஏற்றிவிடுகிறோம். உங்கள் முதலாளி பெண்டாட்டியை அழைத்துப்போக மதுரை வரை வருகிறார். உங்களுக்கு மட்டும் கொழும்பில் வீடு கிடைக்கவில்லை. இனிமேல் கிடைத்துவிடும், வேறு வழியில்லை.

நீங்கள் மன்னித்துவிட்டதை அவளிடம் சொன்னேன். சிரித்தாள். நானும் சிரித்தேன். அத்தா என்னவென்று கேட்டார். உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பிறகு, "அவ பெட்டியக் கட்டச் சொல்லு" என்றார். அவள்தான் போக மாட்டேன் என்று தூணைப் பிடித்துக்கொண்டாள். நீ போகாவிட்டால் இனி யாரையும் என் முதுகைத் தொட விடமாட்டேன் என்று மிரட்டித்தான் கிளப்பினேன்.

முதுகுக்கு யார் என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்ததிலிருந்தே பழகிப் பார்க்கிறோம்: காலையில் நானே தொங்கி நானே இருமிக்கொள்கிறேன். பாதிதான் வருகிறது. சாயங்காலம் கடை சாத்திவிட்டு வந்து அத்தா தட்டுகிறார். உள்ளே ஆள் இருக்கிறார்களோ இல்லையோ என்று தயங்கிக் கதவைத் தட்டுகிறவர் மாதிரி தட்டுகிறார். போகப் போகப் பழகிவிடும். எண்ணெயைக் குடிக்கிறேன். ஆவிச் சட்டியைக் கவிழ்த்து வைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை எனக்கு லீவு, அன்றைக்கு யாரும் என்னைத் தொடக்கூடாது. டாக்டரம்மா சம்மதிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. "ஆயுசு கொறையலாம்" என்றார். "கொறையட்டும் டாக்டரம்மா, இருக்கிறதுல வெள்ளிக்கிழம என்னுது" என்றேன்.

ஊதுகிற கருவியை அனுப்ப வேண்டாம். உங்கள் கடையில் வைத்து, வருகிறவர்களிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்ளுங்கள். இனி எனக்குப் புத்திமதி எழுதுவதாக இருந்தால் கடிதமே வேண்டாம். அங்கே மழை பெய்ததா, என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதினால் படிக்கிறேன். உண்மையாகவே ஆசையாகப் படிப்பேன்.

போன வெள்ளிக்கிழமை மொட்டைமாடிக்குப் போகலாம் என்று கிளம்பினேன். முடியவில்லை, பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பரவாயில்லை, பாதிப் படி வரைக்கும் வெயில் வருகிறது.

நோன்பில் தைத்த தொப்பியை மதினியிடம் கொடுத்திருக்கிறேன். உங்களுக்குப் பெரிதாகத்தான் இருக்கும். உங்கள் தலைக்கனத்துக்கு அளவெடுத்துத் தைத்தது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், இதையாவது யோசிக்காமல் செய்யுங்கள். மதினி வந்ததும் படுக்க இடம் கொடுங்கள். பாங்குக்கு முன்னால் அவள் தானாக எழுந்து உட்காருவாள். கை தானாகக் குவியும். இங்கே தட்ட வேண்டிய முதுகு எதுவும் இல்லை, படுத்துக்கொள் என்று சொல்லுங்கள். அந்தக் கோணி தட்டுகிற ஆட்களைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளிப் போய்த் தட்டச் சொல்லுங்கள், தூசிக்காக. எவ்வளவு நேரம் ஆனாலும் அவளை எழுப்பாதீர்கள்.

லத்தீபா